சாமிகள் நிற்கிற வழிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

விளக்கெண்ணெயும் நனைந்த தோலும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும். நல்ல வாசம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போன மாதம் ரயிலில் எதிர்ப்பலகையில் இருந்தவர் தம் பூட்ஸை மடியில் வைத்து, சீசாவிலிருந்து எண்ணெயைச் சொட்டிப் பழந்துணியால் தேய்க்க ஆரம்பித்தார். பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். வெளியே கோடை வெயில் கரிசல் காட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. என்மேல் மட்டும் சாரல் விழுந்தது. ஆனி மாதத்துச் சாரல். குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் சட்டையை நனைத்துவிடுகிற, பூவைத் தூவுவது போல் விழுகிற குற்றாலத்துச் சாரல்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். குற்றாலத்துக்கு மேலே, செண்பகாதேவி அருவி தாண்டி, தேனருவியும் தாண்டி, மேகம் படுத்துக் கிடக்கிற உயரத்தில் ஓர் ஏலத்தோட்டம். அங்கே எனக்கு மேல்பார்வை வேலை. சாரல் தொடங்குகிறபோது ஏறினால் காய் பறித்து முடிகிற வரை அங்கேயேதான். ஆட்களுக்கு அரிசி அளப்பது, காய் உலர்வதைப் பார்ப்பது, யானை வந்தால் தகரம் தட்டுவது. பெரிய உத்தியோகம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும். எந்த இடத்திலும் நிலையாக உட்காரத் தெரியாத எனக்கு, அந்த மலை ஒன்றுதான் பொருந்தியிருந்தது.

அங்கே ஏறி இறங்க என்னிடம் ஒரு பழைய பூட்ஸ் இருந்தது. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் விட்டுவிட்டுப் போனது. கணுக்கால் உயரம், இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை, நெகிழ்ந்துபோன தோல். சுமைக்காரர்கள் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். நானும் முதல் வருஷம் அப்படி ஏறிப் பார்த்தேன். வெட்டிவிட்ட மூங்கிலின் அடி உள்ளங்காலில் ஏறி, ஒரு மாதம் கட்டிலோடு கிடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பூட்ஸ் இல்லாமல் நான் மலையில் ஓர் அடி வைத்ததில்லை. அந்த வருஷம் சித்திரையில் இறங்கி வரும்போது ஒரு பாறையில் வலது காலின் அடித்தோல் வாயைப் பிளந்தது. நாரால் கட்டினேன். அடுத்த பாறையில் அது முழுதாகவே கழன்று, ஓடைத் தண்ணீரில் படகு மாதிரி ஆடிக்கொண்டு போயிற்று. போகிறபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தோட்டத்து முதலாளி செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர்ச் சீமை. அவர் பேச்சில் பாதி மலையாளம். அவர் சொல்லிவிட்டார்: "சாரல் முறுகுறதுக்கு முன்னே மேலே இருக்கணும். ஓடையிலே வெள்ளம் வந்தா பின்னே ஒருத்தனும் ஏற முடியாது. ரெண்டு சுமை அரிசி போகும். ரெண்டாவது சுமையோடே நீங்க போகணும். பூட்ஸ் இல்லை, காலு இல்லைன்னு பறஞ்சா, என் மருமகன் ரெடியா இருக்கான்."

வேலை போனால் எனக்கு வேறு ஓர் இடம் காத்திருந்தது. ஆலங்குளத்தில் மாமனாருக்கு அரிசி மில். அவருக்கு வயதாகிவிட்டது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நம்பகமான ஓர் ஆள் உட்கார வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மில்லை நினைத்தால் எனக்கு உமித்தூசி தொண்டையில் அடைப்பது போல் இருக்கும். நாள் முழுக்க ஒரே சத்தம், ஒரே நாற்காலி, ஒரே சுவர்.

தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் இருந்தோம். வைகாசி முடிகிற சமயம், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் புகையும் தூசியுமாக வந்து இறங்கினான் என் மைத்துனன், என் மனைவியின் அண்ணன். பட்டாளத்திலிருந்து திரும்பி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. நடையில் இன்னும் பட்டாளம் இருந்தது. சும்மா தண்ணீர் குடிக்கப் போனாலும் எங்கோ அணிவகுத்துப் போவது போல் போவான்.

வந்ததும் தங்கையிடம் சொன்னான்: "ஏட்டி, சாமானையெல்லாம் கட்டு. ஆலங்குளத்துக்கு வண்டி பேசப் போறேன்."

"யாருக்கு வண்டி?"

"ஒனக்கும் ஒன் வீட்டுக்காரருக்கும்தான். அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாவ. மாப்ளைக்குப் பூட்ஸ் பிஞ்சிபோச்சாம்லா. மலையேறத்தான பூட்ஸ் வேணும். மில்லுல உக்கார எதுக்கு?"

அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்கன மைனி முன்னால அவுக தவிட்டு மூடைய எண்ணிக்கிட்டு நிக்கதை நான் பாக்கணுமாக்கும்."

"என் பொண்டாட்டி ஒன்னைய என்னட்டி செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலை. செய்ய எடங்குடுக்க வேண்டாமேன்னு பாக்கேன்."

அவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "ஒளிச்சுப் பேசலை, மாப்ளே. திருநெல்வேலியில போலீசுக்கு ஆள் எடுக்கான். பட்டாளத்துல இருந்தவனுக்கு முதல் எடம். அப்பா ஒரே பேச்சாச் சொல்லிட்டாவ. நீரு மில்லுக்கு வந்தா நான் போலீசுக்குப் போவலாம். நீரு வரலைன்னா நான்தான் மில்லு."

ஆக, என் காலில் மாட்டுகிற பூட்ஸ்தான் எங்கள் இருவரில் யார் உமித்தூசியில் உட்காருவது என்று சொல்லப்போகிறது. இதை அவனும் அறிவான், நானும் அறிவேன், முறம் தட்டிக்கொண்டிருந்தவளும் அறிவாள்.

"நான் பூட்ஸ் வாங்கப்போறேன், மச்சான்" என்றேன்.

"எங்கன?"

"தென்காசியில."

"நீரு வாங்குவேரு. வாங்கி ஒரு வாரத்துல அதுவும் ஓடையில போகும்." கொஞ்ச நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றான். "பூட்ஸ் பாத்து வாங்க ஒமக்குத் தெரியாதுவே. நானும் வாரேன். இப்ப வேண்டாம். சாயங்காலம். பகல் முச்சூடும் நடந்து காலு வீங்கியிருக்கணும். காலையில பொருந்துதது சாயங்காலம் கடிக்கும்."

இப்படித்தான் என்னை மில்லுக்கு அழைத்துப் போக வந்தவனோடு நான் மலைக்குப் பூட்ஸ் வாங்கப் போனேன்.

சண்டைக் காலத்தில் தோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. புதுப் பூட்ஸ் கண்ணில் பட்டு வருஷக்கணக்காகியிருந்தது. தென்காசியில், இடி விழுந்து இரண்டாகப் பிளந்து நின்ற கோபுரத்துக்கு எதிர்த் தெருவில், முஸ்லிம் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். திரும்பி வந்த சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போனவையெல்லாம் அங்கே தொங்கும்: கம்பளி, தண்ணீர்க் குடுவை, பித்தளைப் பொத்தான், பெல்ட். மூலையில் பூட்ஸ் ஒரு குவியலாகக் கிடக்கும். கோபுர வாசலிலிருந்து வருகிற காற்று அந்தக் கடைக்குள் புகுந்து, எத்தனையோ தேசத்துச் சேற்றின் வாசத்தைக் கிளப்பிவிட்டுப் போகும். யார் யாருடைய கால்கள், எந்த எந்த மண்ணில் நடந்தவை. நான் அதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். மைத்துனன் குந்தி உட்கார்ந்து குவியலைக் கிளற ஆரம்பித்துவிட்டான்.

முதலில் பளபளவென்று இருந்த ஒரு ஜோடியை பாய் எடுத்து நீட்டினார். "தொரைமார் போட்டது, அண்ணாச்சி. கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க."

மைத்துனன் வாங்கி, அடித்தோலை இரண்டு கையாலும் வளைத்தான். ஓரத்தில் ஒரு சின்ன வாய் திறந்தது. "பாய், இது ஒட்டு. தையல் இல்ல. கண்ணாடி மொகம் பாக்கத்தான் ஆவும், தண்ணிக்கு ஆவாது."

"நீங்க கண்ணு வச்சுட்டீங்க. அதான் வாயைத் தெறந்துட்டு" என்றார் பாய். கோபமில்லாமல் அதைத் திரும்பவும் முன்வரிசையில் வைத்தார்.

அடுத்தது அடியெல்லாம் ஆணி வைத்தது. பாறைக்கு ஆணி நல்லது என்று நான் நினைத்தேன். "காஞ்ச பாறைக்கு" என்றான். "ஒம்ம சாரல்ல மூணு மாசம் நனைஞ்சா ஆணி துரு ஏறும். துரு தோலைத் தின்னும். பொறவு ஆணி உள்ள எறங்கி ஒம்மைத் தின்னும்."

மூன்றாவது ஜோடியை அவன் வெகு நேரம் பார்த்தான். முழங்காலுக்குப் பாதி வரை உயரம். மேலிருந்து கீழ் வரை இரண்டு வரிசைக் கண்கள். அவற்றில் குறுக்கும் நெடுக்குமாக நாடா. அடித்தோல் இரட்டை, கையால் தைத்தது. தையலை நகத்தால் கீறிப் பார்த்தான். குதிகாலை அழுத்திப் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

"போடும்" என்றான்.

நான் வீட்டிலிருந்து இரண்டு காலுறைகளும், அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற கித்தான் உறையும் கொண்டுபோயிருந்தேன். அவற்றைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பூட்ஸை மாட்டினேன். அவன் குனிந்து கட்டைவிரல் இடத்தில் அழுத்தினான். "இங்கன ஒரு விரல் எடம் இருக்கணும். எறக்கத்துல காலு முன்னால போயி முட்டும். இல்லாட்டி நகம் கறுத்துரும்." கடை வாசல் கல்லில் உதைக்கச் சொன்னான். குதிகால் தூக்குகிறதா என்று பார்க்க நுனிக்காலில் நிற்கச் சொன்னான். தெருக்கோடி வரை நடந்து வரச் சொன்னான். நான் நடந்தேன். பக்கத்துக் கடை வாசலில் இருந்தவர்கள், திரும்பவும் சண்டை வந்துவிட்டதா என்பது போல் பார்த்தார்கள்.

பொருந்தியது. என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு சரியாகப் பொருந்தியதில்லை. கணுக்காலை யாரோ நம்பிக்கையோடு பிடித்துக்கொண்டது போல் இருந்தது.

"கடிச்சா மாத்தித் தருவீரா?" என்று பாயிடம் கேட்டான்.

"மலையில ஒரு நடை நடந்துட்டு வந்து சொல்லுங்க. மாத்தித் தாரேன். ரெண்டாவது நடைக்கு நான் பொறுப்பில்ல."

மறுநாள் காலையில் என்னை அந்தப் பூட்ஸோடு சிற்றாற்றில் இறங்கி நிற்கச் சொன்னான். தண்ணீர் உள்ளே புகுந்து, தோல் ஊறி, கால் கனத்தது. பிறகு கழற்றாமல் அப்படியே குற்றாலம் வரை நடந்து திரும்ப வேண்டும். அது காலிலேயே உலர வேண்டும். "காயும்போது ஒம்ம காலு மாதிரியே காயும். பொறவு அது யாருக்கும் ஆவாது, ஒமக்குத்தான்" என்றான். கூடவே நடந்தான். வழி நெடுக வயல். மேற்கே மலை, முதல் மேகத்தைத் தோளில் போட்டுக்கொண்டு. என் பூட்ஸ் ஒவ்வோர் அடிக்கும் தவளை மாதிரிக் கத்தியது.

பாதி வழியில் அவன் சொன்னான்: "வெள்ளிக்கெழமை முதல் சுமை போகுதுல்லா. நானும் வாரேன், செண்பகாதேவி வரைக்கும். நொண்டாம ஏறி எறங்கிட்டேருன்னா நான் பேசாம பஸ் ஏறிருதேன். நொண்டினேருன்னா நீரு என்கூட ஆலங்குளம் வரணும்."

"சரி" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். எனக்கு நீரு நொண்டணும்."

"பின்ன எதுக்கு இவ்வளவு நல்ல பூட்ஸைத் தேடி எடுத்தீரு?"

அவன் சாலையோரத்தில் ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, "மோசமான பூட்ஸைக் காமிச்சு நல்லதுன்னு சொல்ல வாய் வரலை. அவ்வளவுதான்" என்றான்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பேரருவிக்குப் பக்கத்தில் சுமைக்காரர்கள் சேர்ந்தார்கள். முன்னத்தி ஆள் ஒருவர் இருந்தார், நரைத்த மீசைக்காரர். அவர் கிளம்பினால்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள். மூங்கில் இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அருவி இன்னும் முழுப்பலத்தோடு விழவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது. நான் புதுப் பூட்ஸில் பாறைமேல் கால் வைத்தேன். வழுக்கவில்லை. அடுத்த பாறை, அதற்கடுத்த பாறை. மலை என்னைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. திரும்பிப் பார்த்தேன். மைத்துனன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வழிக்குக் காவலாக ஒரு மாடன் சாமி உண்டு. சுமைக்காரர்கள் சுமையை இறக்கிவிட்டு நின்றார்கள். கும்பிட்டார்கள், திருநீறு பூசினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாமிக்கு முன்னால் காலில் தோலோடு நிற்கக் கூடாது. பழைய பூட்ஸ் இருந்தபோது இதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. ஒரு கால் இன்னொரு காலின் குதியை மிதிக்கும், பூட்ஸ் நழுவி விழும், கும்பிடுவேன், திரும்பக் காலை நுழைப்பேன். எல்லாம் கால் தானாகச் செய்த வேலை. கல்லுக்குப் பார்த்து வாங்கினோம், தண்ணீருக்குப் பார்த்து, அட்டைக்குப் பார்த்து வாங்கினோம். அந்த வழியில் எத்தனை சாமி நிற்கிறது என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை.

நான் ஒரு பாறையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தேன். நனைந்த நாடா, முடிச்சு ஊறி இறுகியிருந்தது. ஒவ்வொரு கண்ணாகத் தளர்த்த வேண்டும்.

மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: "அப்பிடியே கும்பிட்டுட்டு வாருமேன். பட்டாளத்துல நாங்க கழட்டினதா?"

முன்னத்தி ஆள் காதில் அது விழுந்துவிட்டது. "பட்டாளத்துச் சாமி பொறுத்துக்கிடும், அண்ணாச்சி. இவரு பொறுக்க மாட்டாரு. ஐயா கழட்டாம கும்பிட்டா இந்தச் சுமைய எவனும் தூக்க மாட்டான்."

கழற்றினேன், கும்பிட்டேன், திரும்பக் கட்டினேன். அதற்குள் அவர்கள் மூங்கில் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். மூச்சிரைக்க ஓடிப் பிடித்தோம். பிடித்த இடத்தில் பேச்சியம்மன்.

திரும்பவும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை சாரலும் சேர்ந்துகொண்டது. கால் தரையில் பட்ட மாத்திரத்தில் இலைச்சருகெல்லாம் அட்டையாக எழுந்து நின்று என்னைத் தேடியது. ஒரு கையால் அட்டையைத் தட்டுவேன்; மறு கையால் நாடா. மேல் முடிச்சு வரவே இல்லை. மைத்துனன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சேற்றில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"கல்யாணத்துல ஒமக்குக் காலு கழுவிவிட்டதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்றான். "அதுக்காவது மோதிரம் போட்டீக."

சுமைக்காரர்களில் ஒருவன் குலுங்கிச் சிரித்தான். முன்னத்தி ஆளும் மீசைக்குள் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அதற்கு மேலே மஞ்சள் பூசிய ஒரு கல். பெயர் கிடையாது, ஆனால் நிற்காமல் போக முடியாது. அப்புறம் ஒரு மரம். செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுமைக்காரர்கள் கஞ்சி குடித்து முடித்து, வெற்றிலையும் போட்டுவிட்டார்கள். முன்னத்தி ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, இன்னைக்குச் சும்மா தூத்தல். அடுத்த சுமைக்கு ஓடையில தண்ணி ஏறிக்கிட்டே வரும். அன்னைக்கு இப்பிடி எல்லா எடத்துலயும் உங்களுக்காகக் காத்து நிக்க முடியாது. நாங்க தாண்டிருவோம். நீங்க இந்தக் கரையில நிப்பீங்க." சொல்லிவிட்டுச் சுமையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மைத்துனனும் நானும் இறங்கினோம். பூட்ஸில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கொப்புளம் இல்லை. நகம் கறுக்கவில்லை. நான் நொண்டவில்லை. ஆனால் அந்தப் பூட்ஸோடு நான் மலைக்குப் போக முடியாது.

வீட்டில் என் மனைவி என் காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்: "என்ன ஆச்சு? நொண்டுனாகளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "நொண்டலை."

"பின்ன ஏன் ரெண்டு பேர் மூஞ்சியும் இப்பிடி இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். "ஏன் அண்ணே, பட்டாளத்துல எத்தனை தேசம் பாத்த? நம்ம மாடனைப் பாக்க மறந்துட்டியே."

அவன் பந்தயத்தில் தான் ஜெயித்ததாகச் சொல்லியிருக்கலாம். நானும் மறுத்திருக்க மாட்டேன். வண்டி பேசப் போவான் என்று எதிர்பார்த்து விடியலில் எழுந்தேன். அவன் முகம் கழுவி, சட்டையும் மாட்டிக்கொண்டு, அந்தப் பூட்ஸைத் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாரும். பாய் கடை தெறக்கும்போது அங்கன இருக்கணும்."

"மச்சான், பந்தயம்..."

"பந்தயம் நொண்டுததப் பத்தித்தான். நீரு நொண்டலை. இதைத் தெரிஞ்செடுத்தது நான். தப்பு என் பக்கம். வழியில எத்தனை எடத்துல நிக்கணும்னு முதல்ல நான் கேட்டிருக்கணும்." வாசல்படி இறங்கின பிறகு திரும்பி, "இதை இப்பிடியே விட்டுட்டு மில்லுல போயி உக்காந்தா எனக்குத் தூக்கம் வராதுவே" என்றான்.

பாய் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். "நீங்க மலைக்குப் போறவருன்னுதான சொன்னீங்க. கோயிலுக்குப் போறவருன்னு சொல்லலியே." தம் காலைத் தூக்கிக் காட்டினார். குதிகால் இல்லாத, நழுவுகிற செருப்பு. "நான் பள்ளிவாசல்ல தொழ அஞ்சு வேளை கழட்டணும். நாடா வச்சதைப் போட்டுக்கிட்டா யாவாரத்தை யார் பாக்குறது?"

குவியலை மூன்று பேரும் கிளறினோம். அடியிலிருந்து வந்தது, கணுக்காலுக்கு ஒரு விரல் மேலே நிற்கிற ஒரு ஜோடி. நாடா கிடையாது, பக்கவாட்டில் ஒரே ஒரு வாரும் பித்தளைக் கொக்கியும். லாரி ஓட்டின சிப்பாய் யாராவது போட்டிருக்க வேண்டும். வலது காலின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பார்க்க லட்சணமில்லை. மைத்துனன் அடித்தோலை வளைத்தான். வாய் திறக்கவில்லை. தையலைக் கீறினான். நூல் பிரியவில்லை. கொக்கி தைத்த இடத்தை மட்டும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இங்கன இன்னொரு தையல் போடணும். மத்தது நிக்கும்" என்றான்.

முந்தையது போல் கணுக்காலைப் பிடிக்கவில்லை. கித்தான் உறையோடு போட்டால் இறுக்கம் சரியாக இருந்தது. விரலுக்கு இடமும் இருந்தது. கடை வாசலிலிருந்து கோபுரம் வரை என்னை நடக்கவிட்டான். பாதியில் திடீரென்று, "மாடன் வந்துட்டாரு, கழட்டும்" என்றான். கொக்கியைத் தட்டினேன், உதறினேன், விழுந்தது. "போடும். நடையும். பேச்சி வந்துட்டா." உதறினேன். "மஞ்சக் கல்லு." கோயிலுக்குப் போகிற பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கோபுர வாசல் காற்று என் வேட்டியைத் தூக்கிப் பிடித்தது. பாய் கடைக்குள்ளிருந்தே, "லுஹர் தொழுகை வந்துட்டு, கழட்டுங்க" என்றார். நான் அதற்கும் கழற்றினேன். அந்தத் தெருவில் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு, இன்றைக்கும் என் காதில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது.

"ஒசரம் கம்மி. தண்ணி உள்ள வருமே" என்று கேட்டேன்.

"வரட்டும். வந்த தண்ணி போகணும், அதான் முக்கியம்." பாயிடம் ஊசி வாங்கி, அடித்தோலுக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக, இரண்டு பூட்ஸிலும் ஓட்டை போட்டான். நல்ல தோலில் ஓட்டை போடுகிறானே என்று பாய் பதறினார். அவன் கேட்கவில்லை. பிறகு சிற்றாறு, ஊறல், குற்றாலம் வரை நடை, எல்லாம் மறுபடியும். வீட்டில் விளக்கெண்ணெயை லேசாகச் சூடாக்கி, தையல் தையலாக அவனே விரலால் ஏற்றினான். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாப்ளைக்குச் சீர் செய்யுத அழகைப் பாரு" என்றாள். அவன் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த வாசம்தான், ரயில் பெட்டியில் என்னைப் பிடித்து இழுத்தது.

இரண்டாவது சுமை கிளம்பின அன்று சாரல் முறுகத் தொடங்கியிருந்தது. மலை தெரியவில்லை, மலை இருந்த இடத்தில் சத்தம் மட்டும் இருந்தது. என் மனைவியிடம் வீட்டிலேயே சொல்லிக்கொண்டுவிட்டேன். அவன் குற்றாலம் வரை வந்தான். அவன் பை அவன் தோளில் இருந்தது. அங்கிருந்து தென்காசி போய் ஆலங்குளத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். மில்லுக்கு.

பேரருவிப் பக்கத்தில் நின்றோம். இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. வாயைக் காதுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். முன்னத்தி ஆள் சுமையைத் தூக்கியாயிற்று.

"போலீசுக்கு என்ன செய்யப்போறீரு, மச்சான்?" என்று கேட்டேன்.

"இந்த வருசம் எடுத்து முடிச்சிருப்பான்" என்றான். "அப்பாவுக்கு முட்டி வலி வேற. பாப்போம்."

எனக்கு ஒரு மலையைத் தேடிக் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலிக்குப் போகிறவனிடம் எதைச் சொல்வது. சாரல் அவன் மீசையில் கோத்துக்கொண்டு நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து என் இடது பூட்ஸின் கொக்கியை ஒரு துளை இறுக்கினான். நிமிர்ந்தான். சுமைக்காரர்கள் நகரத் தொடங்கினார்கள். நான் இரண்டடி வைத்தேன். அவன் பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிட்டான். திரும்பினேன். கையை வாயருகே குவித்துக்கொண்டு சொன்னான்:

"நனைஞ்சா அடுப்புப் பக்கத்துல வச்சிராதேயும், மாப்ளே. தோல் வெடிச்சிரும். நெழல்ல வையும். மெதுவாக் காயட்டும்."